வேங்கையின் மைந்தனும் பால்மரக் காடும்
(ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற இலக்கிய நிகழ்வில் ஆற்றப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

திருவிழாக் காலத்தில் இந்த மேடையில் புராணமும் திருமுறையும் ஒலிப்பதே வழக்கம். இன்று அதற்கு மாறாக ஒரு நாவலாசிரியரைப் பற்றிய பேச்சு இங்கே இடம்பெறுகின்றது. கோயிலுக்கும் கதை எழுதுபவருக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக்கூடும். தொடர்பு இரண்டு உண்டு. முதலாவது, அவர் எழுதிய வரலாற்று நாவல்களுக்குரிய செய்திகள் பெரும்பாலும் கோயில் சுவர்களிலிருந்து கிடைத்தவை. இரண்டாவது, இந்த மண்ணின் கதையை அவர் இருமுறை எழுதினார். ஒரு முறை கடாரம் கொண்ட மன்னனின் கதையாகவும், மறுமுறை பால்மரம் சீவிய தொழிலாளியின் கதையாகவும் எழுதினார். அவர்தாம் அகிலன். அவர் எழுதிய தன்வரலாற்று நூலின் பெயர் ‘எழுத்தும் வாழ்க்கையும்’. அந்தத் தலைப்பே இந்த உரைக்கும் வழிகாட்டியாக அமைகின்றது.

அகிலாண்டம் என்ற அகிலன்

புதுக்கோட்டைச் சீமையைச் சேர்ந்த பெருங்களூரில் 1922ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் பிறந்தவர் அகிலன். பெற்றோர் இட்ட பெயர் அகிலாண்டம். தந்தையார் வைத்தியலிங்கம் பிள்ளை, தாயார் அமிர்தம்மாள். இளமையிலேயே தந்தையை இழந்த பிள்ளையைத் தாயார்தாம் ஆளாக்கினார். தந்தை இல்லாத வீட்டில் வளரும் ஒரே மகனுக்கு உலகம் எத்தகைய பாடங்களைக் கற்பிக்கும் என்பதை இந்த அவையில் அமர்ந்திருப்போரில் பலர் தம் வாழ்விலேயே அறிந்திருப்பர். குடும்பத்தைத் தாங்கி நிற்கும் பெண்கள் அகிலனின் கதைகளில் மீண்டும் மீண்டும் வருவதற்கு அந்த இளமைக் காலமே வித்தாக இருந்திருக்க வேண்டும்.

மாணவப் பருவத்தில் காந்தியடிகளின் கொள்கைகள் அவரை ஆட்கொண்டன. நாட்டு விடுதலை வேட்கையில் கல்லூரிப் படிப்பைத் தொடராமல் விட்டார். அந்த இலட்சியப் பற்று பின்னாளில் அவர் எழுதிய எல்லா நாவல்களிலும் ஓடிக்கொண்டே இருந்தது. மனிதன் தாழ்ந்து போகலாம், ஆனால் உயர்வதற்கும் அவனால் முடியும் என்ற நம்பிக்கையை அவர் கைவிட்டதே இல்லை. அந்த நம்பிக்கை மிகையானது, கற்பனைச் சாயல் கொண்டது என்று குறை கூறிய திறனாய்வாளர்களும் தமிழகத்தில் இருந்தனர். ‘சித்திரப்பாவை’ நாவலுக்காக 1975ஆம் ஆண்டுக்குரிய ஞானபீடப் பரிசு அறிவிக்கப்பட்டபோது பாராட்டோடு கடுமையான மறுப்பும் எழுந்தது. தமிழுக்கு அப்பரிசு கிடைத்தது அதுவே முதன்முறை. புகழையும் கண்டனத்தையும் ஒரே காலத்தில் தாங்க வேண்டிய நிலை அவருக்கு வந்தது.

ஓடும் ரயிலில் ஒரு தொழில்

எழுத்தாளர் என்றவுடன் ஆற்றங்கரையில் அமர்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர் என்று எண்ணிவிடக் கூடாது. அகிலன் பல்லாண்டுகள் ரயில் அஞ்சல் துறையில் ஊழியராகப் பணியாற்றியவர். அந்த வேலையின் தன்மையை இன்றைய இளைஞர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. ரயில் வண்டியோடு இணைக்கப்பட்ட தனிப் பெட்டி ஒன்று இருக்கும். அதன் சுவர் நெடுகிலும் ஊர்ப் பெயர் தாங்கிய சிறு சிறு மாடங்கள் அமைந்திருக்கும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே அஞ்சல் மூட்டைகளைப் பிரித்து, கடிதங்களை ஊர்வாரியாகப் பகுத்து, அடுத்த நிலையம் வருவதற்குள் மீண்டும் கட்டி, அரக்கு முத்திரை இட்டுக் கொடுத்துவிட வேண்டும். இரவெல்லாம் நின்றுகொண்டே செய்ய வேண்டிய வேலை அது. ஒரு கடிதம் மாடம் மாறி விழுந்தால் எங்கோ ஒரு தாய் தன் மகனின் செய்திக்காகக் கூடுதலாகச் சில நாட்கள் காத்திருக்க நேரும்.

இத்தகைய பணியில் இருந்துகொண்டுதான் அவர் சிறுகதைகளையும் நாவல்களையும் எழுதினார். ‘பெண்’ என்னும் அவருடைய முதல் நாவல் கலைமகள் இதழ் நடத்திய போட்டியில் பரிசு பெற்றது. அந்தப் பரிசுக்குப் பின்னரும் உடனே வேலையை உதறிவிட்டு அவர் புறப்பட்டுவிடவில்லை. குடும்பப் பொறுப்பு இருந்தது, சம்பளம் தேவைப்பட்டது. எழுத்து தன்னையும் தன் குடும்பத்தையும் காப்பாற்றும் என்ற துணிவு ஏற்பட்ட பிறகே அந்தப் பணியிலிருந்து விலகி முழுநேர எழுத்தாளரானார். பின்னர், 1960களின் நடுப்பகுதியிலிருந்து, சென்னை வானொலி நிலையத்தில் பேச்சு நிகழ்ச்சிகளை அமைக்கும் பொறுப்பை ஏற்றார். ஆக, சம்பளத்துக்கு வேலை, வேலைக்குப் பின் எழுத்து என்ற இரட்டை நுகத்தடியை அவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதி சுமந்தார்.

அலுவலகத்தில் கோப்புகளோடு பொழுதைக் கழித்துவிட்டு மாலையில் ஆலயத் தொண்டுக்கு வருபவர்களுக்கு இதில் ஒரு செய்தி உண்டு. தொழிற்சாலையில் இரவு முறை முடித்துவிட்டுக் காலையில் கோயில் மடப்பள்ளியில் காய் நறுக்க வரும் அன்பர்களுக்கும் உண்டு. ஓய்வு கிடைத்த பிறகு செய்வோம் என்று ஒத்திப்போடப்படும் நற்பணிகள் பெரும்பாலும் நடப்பதில்லை. ‘வேங்கையின் மைந்தன்’ போன்ற பெருநாவலும் வார இதழில் வாரந்தோறும் ஓர் அத்தியாயமாக வெளிவந்ததுதான். அச்சகம் குறித்த நாளில் பக்கத்தைக் கேட்கும், மனநிலை சரியில்லை என்று சொல்ல முடியாது. ஆலயத்தில் காலைப் பூசை தவறாமல் நடக்க வேண்டும் என்பது போன்ற ஒரு நியமத்தைத் தொடர்கதை எழுதுபவரும் கடைப்பிடித்தாக வேண்டும்.

எழுதுபவனின் இல்லம்

எழுத்தாளர் ஒருவர் வீட்டில் இருந்தால் அந்த வீட்டார் படும் பாட்டை யார் எழுதுவது? அகிலன் அதையும் எழுதினார். ‘பாவை விளக்கு’ என்னும் நாவலில் தணிகாசலம் என்ற எழுத்தாளனையே கதைத்தலைவனாக வைத்தார். இந்நாவல் 1960இல் சிவாஜி கணேசன் நடிப்பில் திரைப்படமாகவும் வெளிவந்தது. தணிகாசலத்தின் வாழ்வில் அவன் கலையைப் போற்றும் பெண்கள் சிலர் குறுக்கிடுகின்றனர். அவன் மனைவி கௌரியோ இலக்கிய நயம் பேசத் தெரியாதவள். எனினும் அந்த வீட்டில் அடுப்பு எரிவதும் குழந்தை வளர்வதும் அவளாலேதான். ஊரார் போற்றும் எழுத்துக்குப் பின்னே ஒருத்தியின் உழைப்பும் பொறுமையும் இருக்கின்றன என்பதை அந்த நாவல் வாசகருக்கு உணர்த்துகின்றது.

‘சித்திரப்பாவை’யில் இதே கேள்வி வேறு வடிவில் எழுகின்றது. அண்ணாமலை என்ற ஓவியன் கலையை விலைப்பொருளாகக் கருத மறுப்பவன். ஆனந்தி என்ற பெண், தான் விரும்பாத ஒருவனுக்கு வாழ்க்கைப்பட்டு, பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, இறுதியில் அந்த வாழ்வை விட்டு வெளியேறுகின்றாள். 1960களின் இறுதியில் இம்முடிவு வாசகர்களிடையே பெரும் விவாதத்தைக் கிளப்பியது. குடும்பம் என்பது புனிதமானது என்று நம்பியவர்தாம் அகிலன். அந்தப் புனிதத்தை ஒருவர் மட்டும் கண்ணீர் விட்டுக் காப்பாற்ற வேண்டும் என்று அவர் எண்ணவில்லை. திருமண மண்டபம் அருகிலேயே உள்ள ஆலயத்தில் இதைச் சொல்வது பொருத்தமற்றது என்று யாரும் கருத வேண்டியதில்லை. இறைவன் சந்நிதியில் மாலை மாற்றிக்கொண்டவர்கள் பின்னர் எப்படி வாழ்கிறார்கள் என்பதும் ஆலயத்தைச் சார்ந்தவர்களின் கவலையாக இருத்தல் நலம்.

கோயில் சுவரே நூலகம்

இனி வரலாற்று நாவல்களுக்கு வருவோம். கல்கி அவர்கள் 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வ’னை எழுதினார். இராசராச சோழனின் இளமைக் காலத்தைச் சொல்லும் கதை அது. 1954 டிசம்பரில் கல்கி மறைந்தார். அந்தப் பேரரசனின் மகனாகிய இராசேந்திரனின் கதையை எடுத்துக்கொண்டவர் அகிலன். வேங்கை என்றது இராசராசனை, மைந்தன் என்றது இராசேந்திரனை. ‘வேங்கையின் மைந்தன்’ கல்கி இதழிலேயே தொடராக வெளிவந்து, 1963ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி பரிசையும் பெற்றது. பின்னாளில் பாண்டியர் வரலாற்றைக் ‘கயல்விழி’யாகவும், விசயநகர வரலாற்றை ‘வெற்றித்திருநக’ராகவும் அவர் எழுதினார்.

‘வேங்கையின் மைந்த’னின் கதைத்தலைவன் கொடும்பாளூர் இளங்கோ. கொடும்பாளூர் எங்கே இருக்கின்றது? அகிலன் பிறந்த அதே புதுக்கோட்டைச் சீமையில்தான் இருக்கின்றது. அங்கே இருக்குவேளிர் குலத்துப் பூதி விக்கிரமகேசரி எழுப்பிய மூவர் கோயில் உள்ளது. மூன்று விமானங்களில் இரண்டு மட்டுமே எஞ்சி நிற்கின்றன. சொந்த ஊருக்கு அருகில் புல் முளைத்துக் கிடந்த கற்கோயிலைக் கண்ட ஒருவர், அந்தக் குலத்து இளைஞனைத் தம் நாவலின் நாயகனாக்கினார். தஞ்சையின் பெருமையை எழுத முனைந்தவர் தம் சீமையை மறந்துவிடவில்லை.

கதையின் ஆதாரச் செய்தி ஒன்று உண்டு. முதலாம் பராந்தக சோழனிடம் தோற்ற பாண்டிய மன்னன் தன் மணிமுடியையும் இந்திரன் ஆரம் எனப்பட்ட அணியையும் ஈழத்து அரசனிடம் அடைக்கலமாகக் கொடுத்துச் சென்றான். பராந்தகன் முயன்றும் அவை கிடைக்கவில்லை. ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின் இராசேந்திரன் அவற்றைக் கைப்பற்றினான் என்று அவனுடைய மெய்க்கீர்த்தி கூறுகின்றது. ஈழத்து மன்னன் ஐந்தாம் மகிந்தன் சோழநாட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டதை இலங்கை வரலாற்று நூலாகிய மகாவம்சமும் குறிப்பிடுகின்றது. இவை வரலாறு. இளங்கோவும் ரோகிணியும் அருள்மொழியும் கொண்ட காதல் நாவலாசிரியரின் கற்பனை. நாவலைப் படித்துவிட்டு எல்லாமே நடந்தவை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடக் கூடாது. எது கல்லில் உள்ளது, எது ஆசிரியர் மனத்தில் உதித்தது என்று பிரித்தறியும் பழக்கத்தைப் படிக்கும்போதே ஊட்டுதல் வேண்டும்.

அந்தக் கற்களில் போர்ச் செய்திகள் மட்டும் உள்ளன என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் குடும்பச் செய்திகளே அங்கு நெஞ்சைத் தொடுகின்றன. தஞ்சைப் பெரிய கோயிலுக்குத் தான் அளித்தவற்றோடு, தன் தமக்கையார் அளித்தவற்றையும் தன் தேவியர் அளித்தவற்றையும் பிறர் அளித்தவற்றையும் ஒருங்கே கல்லில் வெட்டும்படி இராசராசன் ஆணையிட்டான். தமக்கை குந்தவையின் கொடை அரசனின் கொடையோடு சேர்ந்தே நிற்கின்றது.

இராசேந்திரன் தன் சிற்றன்னை பஞ்சவன்மாதேவியின் நினைவாகப் பழையாறைப் பகுதியில் பள்ளிப்படைக் கோயில் ஒன்றை எழுப்பினான். பெற்ற தாய்க்குச் செய்வது இயல்பு. தந்தையின் மற்றொரு தேவிக்கு மகன் கோயில் எடுத்தான் என்றால் அந்த அரண்மனையின் உள்வாழ்க்கை எத்தகையது என்று எண்ணிப் பார்க்கலாம். திருவாரூர்ப் பெருமானின் திருக்கோயிலைப் பரவை நங்கை என்னும் அன்புடையாளின் விருப்பப்படி அவன் கற்றளியாக்கினான். அரசனும் அவளும் நின்று வழிபட்ட இடம் தெரியும்படி அங்கே ஒரு குத்துவிளக்கு வைக்கப்பட்டதாகக் கல்வெட்டு கூறுகின்றது. கங்கையையும் கடாரத்தையும் கொண்டவன் தன் நினைவாக அங்கே விரும்பியது தான் நின்ற இடத்தில் ஒரு விளக்கு.

1044இல் இராசேந்திரன் மறைந்தபோது அவன் தேவியருள் ஒருத்தியாகிய வீரமாதேவி தீயில் புகுந்து உயிர்நீத்தாள். பிரமதேசத்துக் கோயில் கல்வெட்டு அதன் பின் நடந்ததைச் சொல்கின்றது. அவளுடைய உடன்பிறந்தான் மதுராந்தகன் என்பவன், நெருப்பில் வெந்த தன் சகோதரியின் தாகம் தணிய வேண்டும் என்று அங்கே தண்ணீர்ப் பந்தல் அமைத்தான். உடன்கட்டை என்ற கொடிய வழக்கத்தை எவரும் இன்று போற்ற மாட்டார்கள், போற்றவும் கூடாது. ஆனால் அந்தத் தண்ணீர்ப் பந்தலை நினைக்கும்போது கண் கலங்காதவர் யார்? தைப்பூசத்தன்றும் பங்குனி உத்திரத்தன்றும் சாலையோரத்தில் தண்ணீர்ப் பந்தல் அமைத்து, வெயிலில் நடந்து வருவோருக்கு மோரும் பானகமும் கொடுக்கின்றவர்கள் இந்தச் செய்தியை ஒரு கணம் நினைத்துக்கொள்ளலாம். யாரோ ஒருவனின் துயரம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னே இப்படித்தான் பிறருடைய தாகத்தைத் தணித்தது.

வரலாற்று நாவலாசிரியர் செய்யும் வேலை இதுதான். மெய்க்கீர்த்தி அடுக்கிச் சொல்லும் வெற்றிகளுக்கு நடுவே ஓர் அண்ணனையும் ஒரு தாயையும் ஒரு மகளையும் தேடிக் கண்டெடுத்து, அவர்களுக்குக் குரல் கொடுப்பது. தம் வீட்டிலும் தெருவிலும் மனிதர்களைக் கூர்ந்து கவனிக்காத ஒருவரால் பதினோராம் நூற்றாண்டு மனிதர்களை எழுத முடியாது.

கடாரம் என்னும் பெயர்

கடாரம் என்றால் இங்குள்ள தமிழர் ஒவ்வொருவரும் நிமிர்ந்து உட்காருகின்றனர். கெடா மாநிலத்தின் பழம்பெயர் அது. ஏறத்தாழ 1025ஆம் ஆண்டில் இராசேந்திரனின் கப்பற்படை அலைகடல் கடந்து வந்து, சங்கிராம விசயோத்துங்கவர்மன் என்ற மன்னனை வென்றது. ஸ்ரீவிசயம், மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம் எனப் பத்துக்கும் மேற்பட்ட இடங்களை மெய்க்கீர்த்தி வரிசைப்படுத்துகின்றது. மெர்போக் ஆற்றங்கரையை ஒட்டிய பூஜாங் பள்ளத்தாக்கில் அகழ்ந்தெடுக்கப்பட்ட கோயில் அடித்தளங்களும் புத்த சமயச் சின்னங்களும் அந்தப் பழங்காலத் துறைமுக நாகரிகத்துக்குச் சான்றாக நிற்கின்றன. புக்கிட் பத்து பஹாட் சண்டியைக் காணச் செல்வோர் குடும்பத்தோடு செல்வது நல்லது.

ஆயினும் இந்தப் பெருமையை அளந்து சொல்ல வேண்டும். படையெடுப்புக்கு முன்பே இரு நாடுகளுக்கும் உறவு இருந்தது. கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற புத்தப் பள்ளியை எழுப்பினான். அதற்கு இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடையாக அளித்தான். தந்தையின் அந்த ஆணையைச் செப்பேட்டில் பொறித்து உறுதி செய்தவன் இராசேந்திரனே. லெய்டன் செப்பேடுகள் என்று வரலாற்றாசிரியர்கள் வழங்குபவை அவை. போர் நடந்து முடிந்தது. அதன் பின் 1090இல், குலோத்துங்கன் காலத்தில், கடாரத்துத் தூதுவர்கள் மீண்டும் வந்து அந்தக் கொடையை உறுதிப்படுத்திக்கொண்டனர். சைவ அரசன் ஒருவன் புத்தப் பள்ளிக்கு நிலம் கொடுத்தான் என்பதும், போர் செய்த நாடுகள் மீண்டும் கைகோத்தன என்பதும் பல இனத்தவரும் பல சமயத்தவரும் சேர்ந்து வாழும் இந்த நாட்டில் போர்வெற்றியைவிட அதிகமாகப் பேசப்பட வேண்டிய செய்திகள்.

பால்மரக் காட்டின் கதை

‘வேங்கையின் மைந்தன்’ வெளிவந்து பல்லாண்டுகளுக்குப் பின், 1970களில், அகிலன் மலேசியாவுக்கு வந்தார். தம் கதைத்தலைவனின் மன்னன் வென்ற மண்ணைப் பார்க்க வந்த எழுத்தாளர் இங்கே யாரைக் கண்டார்? விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு ஓடும் பெண்களைக் கண்டார். பால் வாளியும் உளியும் ஏந்தி நிரைநிரையாக மரம் சீவும் ஆண்களைக் கண்டார். லயத்து வீடுகளையும், ஆயாக் கொட்டகையில் தூங்கும் பச்சிளங் குழந்தைகளையும், வேப்ப மரத்தடியில் தொழிலாளர் தம் கையால் எழுப்பிய மாரியம்மன் கோயில்களையும் கண்டார். அதன் பயனாக விளைந்ததே ‘பால்மரக் காட்டினிலே’ என்னும் நாவல்.

இங்கே ஒரு வியப்பான ஒற்றுமையைக் கவனிக்க வேண்டும். கடாரத்து அரசன் விகாரம் கட்டியது நாகப்பட்டினத் துறைமுகத்தில். தோட்டத் தொழிலாளரில் எண்ணற்றோர் கப்பலேறியதும் அதே நாகப்பட்டினத்தில். தூதுவர்களும் வணிகர்களும் கடந்த அந்தக் கடலை இவர்கள் ‘ரஜூலா’ போன்ற கப்பல்களின் மேல்தளத்தில் மூட்டை முடிச்சுகளோடு கடந்தனர். மன்னனின் பயணத்தைச் சொல்லக் கல்லும் செப்பேடும் உண்டு. இவர்களுடைய பயணத்தைச் சொல்ல என்ன உண்டு? கங்காணியின் பேரேட்டில் ஒரு பெயரும் கைரேகையும் இருந்திருக்கும். அந்தப் பேரேடுகளில் பெரும்பாலானவை கறையான் தின்று போயின. இராசேந்திரனுக்குக் காவியம் எழுதிய அதே கை, கைரேகை வைத்தவர்களுக்கும் ஒரு நாவல் எழுதியது. அகிலன் இந்நாட்டுத் தமிழர்களுக்குச் செய்த பெரும் மரியாதை அது.

தோட்டத் தொழிலாளரும் விதியே என்று இருந்துவிடவில்லை. வெள்ளை முதலாளிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள் ஒரே நாளில் வீடிழக்கும் நிலை ஏற்பட்டது. அந்தச் சூழலில் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தோட்டந்தோறும் சென்று, பத்து வெள்ளி பத்து வெள்ளியாகத் தொழிலாளரிடமே பங்குப் பணம் திரட்டினார். அப்படித் திரண்ட பணத்தில் சங்கம் முதன்முதலாக வாங்கிய தோட்டம் புக்கிட் சிடிம். அது கெடா மாநிலத்தில் உள்ளது. ஆம், பழைய கடாரம்தான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மன்னன் படையோடு வந்த மண்ணில், பால்மரம் சீவியவர்கள் தங்கள் வியர்வைக் காசைக் கொடுத்து ஒரு பங்கை வாங்கினார்கள். இவ்விரண்டில் எந்த வரலாற்றைப் பேரப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு குடும்பமும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளலாம்.

எழுதப்படாத கல்வெட்டுகள்

அகிலன் 1988 ஜனவரி 31ஆம் நாள் சென்னையில் இயற்கை எய்தினார். அவர் பார்த்த பால்மரக் காடுகளில் பல இன்று இல்லை. பல இடங்களில் செம்பனை நடப்பட்டது, சில இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன. லயங்கள் இடிக்கப்பட்டன, தோட்டத்து அம்மன் புதிய இடத்துக்குப் பெயர்ந்தாள். பெரட்டு, மங்கு, கோட்டுப்பால், ஒட்டுப்பால் என்ற சொற்களைக் கேட்டால் இன்றைய பிள்ளைகள் விழிக்கின்றனர். அந்தச் சொற்களை அறிந்த பாட்டிமார்களும் தாத்தாமார்களும் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். இந்த ஆலயத்துக்கு வழக்கமாக வந்து முன்வரிசையில் அமரும் முதியவர்களில் கடந்த சில ஆண்டுகளில் எத்தனை இருக்கைகள் காலியாயின என்பதை உறுப்பினர்களே அறிவர். அவர்களோடு சேர்ந்து எத்தனை செய்திகள் போயின என்பதைக் கணக்கிட யாராலும் இயலாது.

ஆகவே இந்தத் திருவிழா நாளில் ஒரு சிறு விண்ணப்பம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பள்ளிப் பயிற்சிப் புத்தகம் இருக்கட்டும். அதில் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதட்டும் பிள்ளைகள். எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தக் கப்பல், எந்தத் தோட்டம், கங்காணி யார், லயத்தில் எத்தனையாவது வீடு, தோட்டத்துக் கோயிலுக்கு முதல் செங்கல் யார் எடுத்துக் கொடுத்தது, சப்பானியர் காலத்தில் என்ன உண்டார்கள், சயாம் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாதவர் யார் என்று எழுதட்டும். இலக்கணப் பிழை இருந்தால் இருக்கட்டும். அழகாக எழுத வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எழுதியவரின் பெயரும் நாளும் இருந்தால் போதும்.

ஆலயங்களும் இதில் தம் பங்கைச் செய்யலாம். திருப்பணிக்கு நன்கொடை அளித்தவர்களின் பெயரைப் பளிங்கில் பொறிப்பது நம் வழக்கம். அது சோழர் காலத்திலிருந்து வரும் நல்வழக்கம். அதோடு, மண் சுமந்தவர்கள், பொங்கலுக்கு விறகு வெட்டியவர்கள், நாற்பதாண்டுகள் பூ கட்டிக் கொடுத்தவர்கள் ஆகியோரின் பெயர்களையும் ஒரு பேரேட்டில் எழுதி ஆலய அலுவலகத்தில் பாதுகாக்கலாம். தஞ்சைக் கோயிலில் ஆடல் மகளிர் நானூற்றுவரின் பெயரையும், அவர்கள் குடியிருந்த தெருவையும் வீட்டையும் இராசராசன் கல்லில் வெட்டி வைத்தான். விளக்கேற்றியவர்களும் கணக்கெழுதியவர்களும்கூட அங்கே பதிவு பெற்றனர். அரசன் அவர்களை மறக்கவில்லை என்றால், நாம் மறப்பது நியாயமா?

பின்னாளில் இந்த மண்ணில் பிறக்கப்போகும் ஓர் அகிலனுக்கு அந்தப் பயிற்சிப் புத்தகங்களே ஆதாரமாகும். அவர் அரசாங்க ஊழியராக இருக்கலாம், லாரி ஓட்டுநராக இருக்கலாம், பள்ளி ஆசிரியையாக இருக்கலாம். வேலை முடிந்து வீடு திரும்பி, பிள்ளைகள் உறங்கிய பின் விளக்கடியில் அமர்ந்து எழுதத் தொடங்கும்போது, அவருக்கு எடுத்துக்கொள்ள ஏதேனும் நாம் விட்டுச் செல்ல வேண்டும்.

திருவாரூரில் அரசன் நின்ற இடத்தில் வைக்கப்பட்ட குத்துவிளக்கைப் போல, நம் பெரியவர்கள் நின்ற இடங்களிலும் ஒரு சிறு விளக்கு எரிய எல்லாம் வல்ல இறைவன் திருவருள் புரிவானாக.